எங்கள் முறைப்பாட்டை எழுதித் தந்த அண்ணாவுக்கு நன்றி

இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் 2002 பெப்ரவரியில் வந்த போர்நிறுத்தம் 2006 ஆகஸ்டில் பேருக்குத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதி மூடப்பட்டு, அப்பா யாழ்ப்பாணத்தில் மாட்டிக்கொண்டார். நாங்கள் பளையிலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்கு வந்துவிட்டோம். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவிலிருந்து சுவீடன், பின்லாந்து, டென்மார்க் கண்காணிப்பாளர்கள் விலகி, நோர்வே, ஐஸ்லாந்துக்காரர் மட்டும் மிஞ்சிய நேரம் அது.

அவர்களிடம்தான் அப்பாவைப் பற்றி முறைப்பாடு செய்தோம். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் நீங்கள். அம்மா அழுதழுது முன்னுக்குப் பின்னாகச் சொன்னதை அவசரப்படுத்தாமல் கேட்டீர்கள். அப்பாவின் அடையாள அட்டை இலக்கத்தை வாசித்துக் காட்டி, திரும்பவும் சரிபார்த்தீர்கள். "அம்மா, இவையளிட்ட ஆயுதமும் இல்லை, அதிகாரமும் இல்லை. விசாரிச்சு அறிக்கை எழுதுவினம், அவ்வளவுதான்" என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். அந்த நாட்களில் எங்களிடம் அப்படி நேராகப் பேசியவர்கள் குறைவு.

அப்புறம் செஞ்சிலுவைச் சங்கத்திலும் பதியச் சொல்லி, அதற்கான விவரங்களையும் நீங்களே எழுதித் தந்தீர்கள். அந்த வழியாகத்தான் அப்பாவின் கையெழுத்தில் முதல் கடிதம் வந்தது.

2008 ஜனவரியில் குழு வெளியேறியது. உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். இதை வாசித்தால் ஒரு வரி எழுதுங்கள் அண்ணா, அம்மா உங்களோடு கதைக்க வேண்டுமாம்.