நோய் ஒன்று, மருந்து வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணினி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இணையதளங்கள் எல்லாம் திறக்கின்றன, வீட்டுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கணினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வருகிறது, என்ன செய்வது என்று. ‘விண்டோஸை மறுபடி நிறுவுங்கள்’ என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அவர் இன்னும் அதை ஆரம்பிக்காமல் இருக்க வேண்டுமே என்ற பதைப்பில் இதை எழுதுகிறேன். அதே வியாதி எனக்கும் வந்தது. வந்ததே உங்கள் பகுதியில் வந்த வேறொரு பதிலால்தான்.

நான் அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் ஒரு பழைய கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டு, குடும்பப் படங்களையும் பழைய கடிதங்களின் ஸ்கேன்களையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறேன். பெயர் ‘பெட்டகம்’. உலாவியில் ‘பெட்டகம்.லான்’ என்று அடித்தால் படங்கள் வந்து நிற்கும். கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் தேடும்; அந்தப் பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் வைஃபை ரவுட்டர். அது அப்போது எனக்குத் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் உங்கள் பகுதியில், இணையதளம் திறக்கத் தாமதமானால் கணினியின் டிஎன்எஸ் எண்ணை 8.8.8.8 என்று மாற்றுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ்; யாரிடம் கேட்பது என்பதை அந்த அமைப்பு சொல்கிறது. மாற்றினேன். தளங்கள் திறந்தன. மறுநாள் பெட்டகத்தைக் காணோம். பாவம், அந்தப் பழைய கணினியைத்தான் சந்தேகப்பட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகி, இரண்டு முறை அணைத்துப் போட்டு, கடைசியில் ஏதோ தோன்றி 192.168.1.23 என்று அதன் எண்ணை நேராக அடித்தேன். உடனே வந்துவிட்டது. அங்கேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எண்ணுக்கு வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் கணினியும் வயரும் நன்றாகவே இருக்கின்றன. பெயரை எண்ணாக்கித் தரும் இடத்தில்தான் கோளாறு.

அப்புறம் ஹோஸ்ட்ஸ் கோப்பு. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கணினியிலேயே நாம் எழுதி வைக்கும் பட்டியல் அது. விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று போனால் இருக்கிறது. டிஎன்எஸ்ஸைவிட மூத்தது இது. ஒரு காலத்தில் இணையத்தின் முன்னோடி வலைப்பின்னலில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் இப்படி ஒரே பட்டியலில்தான் இருந்தன; பட்டியல் கட்டுக்கடங்காமல் போகவே 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அந்தப் பழைய வழக்கம் இன்றும் ஒவ்வொரு கணினியிலும் மிச்சம் இருக்கிறது. எண், ஓர் இடைவெளி, பெயர் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. நோட்பேடை நிர்வாகி உரிமையோடுதான் திறந்தேன். ஆனால் அந்தக் கோப்புறையில் கோப்பே இல்லை என்று காட்டியது. நோட்பேட் தன் வழக்கப்படி டெக்ஸ்ட் கோப்புகளை மட்டும் காட்டும், ஹோஸ்ட்ஸ் கோப்புக்கோ வால் கிடையாது (கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து அதன் வகையைச் சொல்லும் எழுத்துகளைத்தான் வால் என்கிறேன்). சரி, நாமே புதிதாக எழுதுவோம் என்று எழுதிச் சேமித்தேன். நோட்பேட் தானாக ‘டிஎக்ஸ்டி’ வாலை ஒட்டியது. விண்டோஸ் அந்த வாலை மறைத்தும் வைத்தது. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முப்பது வருஷம் ஒற்றுப்பிழை பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

ஒருவழியாக வேலை செய்தது. கொஞ்ச நாள் கழித்து மின்சாரம் போய் வந்தது. படம் பார்க்கலாம் என்று பெட்டகம்.லான் அடித்தால் பிரிண்டர் வந்து கறுப்பு மை தீரப்போகிறது என்கிறது! ரவுட்டர் எண்களை மறுபடி பங்கிட்டபோது 23 பிரிண்டருக்குப் போய்விட்டது, பெட்டகத்துக்கு 31. நான் எழுதிய வரி மட்டும் 23 என்றே சாதித்துக்கொண்டிருந்தது.

வரியை அழித்தேன். பெயர் மறுபடி கிடைக்கவில்லை. ஒரு பெயருக்கு என்ன எண் என்று கேட்டுச் சொல்லும் என்எஸ்லுக்கப் என்ற கட்டளையைப் போட்டேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது. உண்மையில் வரி இருந்த நாளிலும் இதைப் போட்டுப் பார்த்து, இதே பதிலைக் கண்டு குழம்பியிருக்கிறேன். என்எஸ்லுக்கப் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை, நேரே டிஎன்எஸ்ஸிடம் போய்விடும். உலாவியும், இன்னொரு கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையும் வேறு வழியில், ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்த்துக் கேட்கின்றன. ஆனால் அன்றைக்குத்தான் அது காட்டிய முதல் வரியைப் படித்தேன். யாரிடம் கேட்டேன் என்று அதில் சொல்கிறது: 8.8.8.8. கூகுளின் சேவையகம். வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை வாக்காளர் பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கணினியில் இரண்டாவது டிஎன்எஸ் எண்ணாக ரவுட்டரைச் சேர்த்தால் போதும் என்பார்கள். செய்து பார்த்தேன், பலிக்கவில்லை. முதலாமவர் பதிலே சொல்லாவிட்டால்தான் இரண்டாமவரிடம் போகும். ‘அப்படி யாரும் இல்லை’ என்பதும் பதில்தானே. கணினியில் டிஎன்எஸ்ஸைப் பழையபடி ‘தானாகப் பெறு’ என்று விட்டேன், 8.8.8.8-ஐ ரவுட்டரின் இணைய அமைப்பில் போட்டேன். வீட்டுப் பெயருக்கு ரவுட்டரே பதில் சொல்கிறது, மற்றதை வெளியே கேட்டு வாங்கித் தருகிறது. ஐபிகான்ஃபிக் கட்டளையில் ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுத்து, கணினி நினைவில் வைத்திருந்த பழைய டிஎன்எஸ் பதில்களைத் துடைத்தேன். பெட்டகத்துக்கு 31-ஐ நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லி ரவுட்டரிலேயே ஒரு குறிப்பும் எழுதியாயிற்று.

என் மகளின் மடிக்கணினியில் மட்டும் அதற்குப் பிறகும் வரவில்லை. அவள் உலாவியில் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ என்ற அமைப்பில் வெளியார் ஒருவரின் டிஎன்எஸ் சேவையைத் தேர்ந்து வைத்திருந்தாள். அது ரவுட்டரைக் கேட்காமலே வெளியே போய்விடுகிறது. அதை நிறுத்தியதும் வந்தது.

8.8.8.8 தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கே போடுவது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். போன வாரத்து வாசகருக்கு அடுத்த இதழ்வரை காத்திருக்காமல், முடிந்தால் இன்றே உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தகவல் சொல்லுங்கள்: எதையும் அழிக்கும் முன், அந்த இன்னொரு கணினியின் எண்ணை ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொல்லி.

இப்படிக்கு,
ஒரு பழைய பிழைதிருத்துநர்