அப்பாவுக்கு, பாஸ்டன் பக்கத்திலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன், மன்னியுங்கள். இங்கே எல்லோரும் சுகம். வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. காரைக் கொடுத்துவிட்டோம். ரயில் நிலையம் பக்கம்தான், நடப்பது உடம்புக்கு நல்லது.

பாப்பாவுக்கு ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். ஒரு காசு கிடையாது. பாஸ்டன் இருக்கும் இந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2023 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலையும் மதியமும் சாப்பாடு இலவசம். வசதி இருக்கிறதா என்று யாரையும் கேட்பதில்லை. சத்துணவு வரிசையில் கடைசிப் பிள்ளை சாப்பிடும் வரை நீங்கள் நிற்பீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. இவளுக்கு பீட்சாவும் பாலும். வீட்டுக்கு வந்து தயிர்சாதம் கேட்கிறாள்.

போன ஞாயிறு பாஸ்டனில் சட்டமன்றத்தின் முன்னால் ஹொரேஸ் மான் சிலையைப் பார்த்தேன். வக்கீல் தொழிலை விட்டு 1837-ல் இந்த மாநிலக் கல்வி வாரியத்தின் முதல் செயலாளராக வந்தவர். ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும், செலவை ஊரே வரியாகத் தர வேண்டும் என்று குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறார். ஜூன் மாதம் சைக்கிளில் தெருத்தெருவாகப் பிள்ளை சேர்க்கப் போவீர்களே, அப்படி. 1839-ல் லெக்சிங்டனில் அரசு நடத்தும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள், நாட்டிலேயே முதலாவது. முதல் நாள் வந்தவர்கள் 3 பெண்கள்தான்!

ஆனால் அதே பாஸ்டனில் சாரா ராபர்ட்ஸ் என்ற 5 வயதுக் கறுப்பினக் குழந்தை, வெள்ளைப் பிள்ளைகளின் 5 பள்ளிகளைத் தாண்டித் தன் பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. அவள் அப்பா வழக்குப் போட்டு 1850-ல் தோற்றார். அவர் அதோடு விடவில்லை. 1855-ல் அந்தப் பாகுபாட்டைத் தடுத்து மாநிலமே சட்டம் போட்டது. அந்த அப்பாவைத்தான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சட்டம் வந்தும் தெருக்கள் பிரிந்தே இருந்தன. எங்கள் எதிர்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? வீட்டில் பிள்ளைகள் யாரும் இல்லை. ஆனாலும் தினமும் காலையில், எந்தக் குளிரிலும், மஞ்சள் பஸ் வரும் இடத்தில் வந்து நிற்பார். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் உள்ளே போவார். போன வாரம்தான் காரணம் சொன்னார். 1974-ல் கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளை பஸ்ஸில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிச் சேர்த்துப் படிக்கவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தெற்கு பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் வந்த பஸ்கள்மேல் கல் எறிந்தார்கள். கண்ணாடி உடைந்து பிள்ளைகளுக்குக் காயம். இவர் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர்.

இன்னும் பள்ளிப் பணத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊர் வீட்டு வரிதான், அப்பா. எந்த ஊரில் வீடோ அந்த ஊர்ப் பள்ளி. வீட்டு விலை குறைந்த ஊரில் பள்ளியின் கையும் காலியாகிவிடுகிறது. பாப்பாவுக்காகத்தான் இங்கே மாறினோம். வீடு சின்னது, வாடகை கொஞ்சம் கூட. சமாளித்துவிடலாம், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே பள்ளி மணி வெளியே கேட்பதில்லை. தண்டவாளத் துண்டில் நீங்கள் அடிக்கும் மணி நம் அடுப்படி வரை கேட்கும், அதைக் கேட்டுத்தான் அம்மா உலை வைப்பாள். நேற்று பஸ் போன பிறகு அந்தச் சத்தம் காதுக்குள் வந்துவிட்டது. வெகுநேரம் வாசலிலேயே நின்றேன்.

சரி. அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், பங்குனிக்குள் பணம் அனுப்பிவிடுகிறேன். தங்கச்சிக்கு வந்த கரூர் சம்பந்தத்தில், கல்யாணத்துக்குப் பிறகும் அவள் பி.எட். முடிப்பாள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பெரியப்பா கையெழுத்துப் போடும் வரை கிணற்றுக்காட்டை அளக்க விட வேண்டாம். சித்தப்பா அவசரப்படுத்தினால் எனக்குப் போன் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்