தோண்டியவர் போய்விட்டார், மூட வேண்டியவர் வரவில்லை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. தங்கச்சி கைத்தடி இல்லாமல் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. "மாடிப்படி மட்டும் ஏற விடாதீங்கன்னு அண்ணனுக்கு எழுதுங்க" என்று இவள் சொல்லச் சொன்னாள். இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவனுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமையானால் வந்துவிடுகிறான். கிணற்றடி முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. யாராவது கோயம்புத்தூர் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டில் குடியிருப்பவர் ஏன் திடீரென்று காலி செய்கிறேன் என்கிறார், வாடகையில் ஏதும் மனத்தாங்கலா என்று கேட்டிருந்தாய். வாடகை இல்லை, மாப்ளே. ரோடுதான் காரணம்.

அவருடைய அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆட்டோ பிள்ளையார் கோயில் முக்கிலேயே நின்றுவிடும், தெருவுக்குள் வராது. அங்கிருந்து உன் வீட்டு வாசல் வரை அந்த அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இவர் ஒரு பக்கமும் எதிர்வீட்டுப் பையன் ஒரு பக்கமுமாகத் தூக்கி வருகிறார்கள். போகும்போதாவது பரவாயில்லை. திரும்பும்போது அந்த அம்மாவுக்கு உட்காரவே தெம்பு இருக்காது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒரு நாள் நானும் கை கொடுத்தேன். சாக்கடை மேன்ஹோல் மூடி தரையிலிருந்து ஒரு அடி துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டு பக்கமும் பள்ளம், சுற்றிப் போக வழியில்லை. நாற்காலியை மூடிக்கு மேலாகத் தூக்கித்தான் தாண்ட வேண்டும். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க எல்லாருக்கும் சிரமம், உங்க எல்லாருக்கும் சிரமம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால் அவர் வீடு மாறுகிறார் என்று வருத்தப்படாதே. நீயும் நானும் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்போம்.

ஆவணியில் பாதாளச் சாக்கடைக்கென்று தோண்டினார்கள். இப்போது மாசி. சாக்கடை வேண்டாம் என்று தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திண்ணைக்கும் ரோட்டுக்கும் நடுவே திறந்து ஓடிய அந்த வாய்க்காலும் கொசுவும் உனக்கு நினைவிருக்கும். அது போய்க் குழாய் வருகிறது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவன் நான். குழாய் பதித்த வேலையிலும் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. வாட்டம் பார்த்து, மணல் பரப்பித்தான் இறக்கினார்கள். அதற்கு அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல்.

நான் சாலை ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவன், கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். குழாய்க்கு மேல் பள்ளத்தை மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மண்ணை அரை அடி, முக்கால் அடி கனத்துக்குப் படை படையாகப் போட வேண்டும். ஒவ்வொரு படைக்கும் தண்ணீர் தெளித்து, மிஷின் வைத்து இடித்து இறுக்கிய பிறகுதான் அடுத்த படை. அதிலும் நம் ஊர் கரிசல். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். தோண்டிய கரிசலை வண்டியில் அள்ளி வெளியே கொண்டுபோய்விட்டு, கிராவல் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். இங்கே பொக்லைன் தோண்டிப் போட்ட மண்ணை அதே பொக்லைன் உள்ளே தள்ளியது, மேலே இரண்டு தரம் ஏறி இறங்கியது, அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. ஐப்பசியில் இரண்டு நல்ல மழை. அவ்வளவுதான், தெரு நீளத்துக்கும் மண் உள்வாங்கிவிட்டது. கேட்டால், "மண் செட் ஆகட்டும் சார், செட் ஆனப்புறம் ரோடு போடுவாங்க" என்கிறார்கள். இடித்து இறுக்காத மண் தானாக இறங்கும்வரை ஒரு தெருவே காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

மழைக்காலத்தில் தார் போடவில்லை என்று நான் குறை சொல்ல மாட்டேன். ஜல்லியும் தாரும் கலக்கிற பிளான்ட்டிலிருந்து 150, 160 டிகிரி சூட்டில் கிளம்பும் கலவையை, ஆறுவதற்குள் பரப்பி ரோலர் ஓட்டி முடித்தாக வேண்டும். ஈரத்தில் போட்ட தார் பிடிக்காது, அடுத்த மழையில் உரிந்து வந்துவிடும். ஆனால் மழை வெறித்த நாட்களில் கிராவல் அடித்து, வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்பொடியும் தண்ணீர் விட்டுக் கலந்தது) பரப்பி உருட்டியிருந்தாலே ஆட்டோ உள்ளே வந்திருக்கும். அவசரத்துக்குக் குழி அடைக்க மூட்டையில் வருகிற குளிர்கலவை இருக்கிறது, சூடாக்கவே வேண்டாம். சரி, அதையெல்லாம் விடு. பொங்கல் கழிந்து இத்தனை நாளாக வானம் வெளுத்துக் கிடக்கிறதே! தார் வேலைக்குத் தை, மாசியைவிடப் பதமான காலம் உண்டா?

அப்படியும் ஏன் நடக்கவில்லை என்று விசாரித்துக்கொண்டு போனேன். மாப்ளே, பணம் இல்லை என்பது பெரும்பாலும் பொய். குழாய் பதிப்பது ஒருவர் வேலை, தெரு இன்னொருவர் பொறுப்பு. தோண்டுகிறவர்கள் ரோட்டை வெட்டுவதற்கு முன்பே, திரும்பப் போடுவதற்கான தொகையைக் கட்டிவிடுகிறார்கள். கட்டியதோடு அவர்கள் கடமை முடிந்தது. அந்தத் தொகையை வைத்து ரோடு போட, தெருவுக்குப் பொறுப்பானவர்கள் தனியாக எஸ்டிமேட் போட்டு, தனியாக டெண்டர் விட வேண்டும். ஒரு தெருவுக்கு மட்டும் டெண்டர் விட்டால் எடுக்க ஆள் வராது. கொஞ்சம் ஜல்லிக்காகவும் தாருக்காகவும் பிளான்ட்டை ஓட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பத்துப் பதினைந்து தெரு சேரட்டும் என்று காத்திருக்கிறார்கள். சேர்வதற்குள் தண்ணீர்க் குழாய்க்காரர்கள் வருகிறார்கள், "இப்போ ரோடு போட்டா நாங்க மறுபடி வெட்டணும்" என்று அவர்கள் ஒரு கடிதம் கொடுக்கிறார்கள். கோப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. இதில் எவரையும் தனியாகக் கைகாட்ட முடியாது, எல்லோரிடமும் பதில் இருக்கிறது. ஆனால் தோண்டிய பள்ளம் யாருடையது என்று கேட்டால் அதற்கு ஆள் இல்லை.

பிள்ளையார் கோயில் முக்கிற்கு அந்தப் பக்கம் பஸ் போகிற ரோட்டைப் போய்ப் பார். அது நெடுஞ்சாலைத் துறையுடையது. குழி இருந்தால் போட்டோ எடுத்து 'நம்ம சாலை' செயலியில் போடலாம், 2023-ல் கொண்டுவந்தார்கள். மாநில நெடுஞ்சாலை என்றால் 24 மணி நேரம், மற்றவை என்றால் 72 மணி நேரம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நான்கு எட்டு வைத்து நம் தெருவுக்குள் வந்தால் அந்தக் கணக்கே பொருந்தாது. நடக்கிறவர் அதே மனிதர்தானே?

போன மாதம் பூக்காரம்மாவின் மகன் ராத்திரி வண்டியோடு பள்ளத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு கிடையாது, ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்தார்கள், அதுவும் சாய்ந்து கிடந்தது. நல்லவேளை, தலையில் அடிபடவில்லை. சாலைக் குழிகளால் 2022-ல் மட்டும் நாடு முழுக்க 1,856 பேர் செத்திருக்கிறார்கள், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு. 2013 முதல் 2017 வரை 14,926 பேர் இறந்ததைப் பார்த்து, இதை ஏற்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் கண்டித்தது. மும்பையில் ஒரு காய்கறி வியாபாரி, 2015-ல் தன் பதினாறு வயது மகனைச் சாலைக் குழிக்குப் பறிகொடுத்தவர், அதற்குப் பிறகு ஊரில் கண்ணில் படுகிற குழிகளையெல்லாம் தானே கல்லும் மண்ணும் போட்டு மூடிக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளையை இழந்தவர் செய்கிற வேலையா அது?

அதே மும்பையில், 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. குழியால் உயிர் போனால் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், காயம் பட்டால் 50,000-லிருந்து இரண்டரை லட்சம் வரை. அந்த மாநிலத்துக்குச் சொன்னது என்றாலும், குழிக்கு ஒரு பொறுப்பாளி உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது பெரிய விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. சாலை தரப்படி இல்லாததால் யாராவது இறந்தாலோ ஊனமானாலோ, பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் இவையெல்லாம் விழுந்த பிறகு வருகிற சட்டங்கள். விழாமல் இருக்கத்தானே ரோடு கேட்கிறோம்.

அப்புறம், நம் இஸ்திரிக்காரர். தள்ளுவண்டியைத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு வருவாரே, அவரேதான். வண்டியின் சின்னச் சக்கரம் இந்த மண்ணில் உருளவே உருளாது. முக்கிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, துணி வாங்க வீடு வீடாக நடக்கிறார். வயது அறுபதுக்கு மேல். புழுதி படிகிறதென்று துணியை உடனே பழைய வேட்டியால் மூடி வைக்கிறார். பாதி வீட்டார் புழுதிக்குப் பயந்து கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த வருமானத்தை எந்த எஸ்டிமேட்டில் சேர்ப்பார்கள்?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தோண்டுகிறவரே மூடித் தார் போட்டுக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரே ஒப்பந்தம், ஒரே ஆள். ஒரு தெரு முடிந்து ஆட்டோ ஓடிய பிறகுதான் அடுத்த தெருவில் பொக்லைன் கால் வைக்க வேண்டும். பில் பணத்தில் ஒரு பகுதியை ரோடு முடியும்வரை பிடித்து வைத்தால் தானாக நடக்கும். இது எதுவும் புதிதில்லை, தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்துத் தார் ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்து 2018-ல் பத்மஸ்ரீ வாங்கிய வாசுதேவன் ஐயா நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்தானே. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போடாதீர்கள், வீடுகள் பள்ளமாகின்றன என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். உன் வீட்டு வாசற்படி மூன்றில் ஒன்று ஏற்கெனவே ரோட்டுக்குள் போய்விட்டது, ஆகையால் இந்தத் தடவை அதையும் எழுத்தில் கேட்கப்போகிறேன்.

தெருக்காரர்கள் போன வெள்ளிக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் கூடினோம். இரண்டு காரியம் முடிவு செய்தோம். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி. நம் தெருவுக்குக் கட்டிய தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டினார்கள், எஸ்டிமேட் யார் மேஜையில் இருக்கிறது, வேலை முடிய வேண்டிய தேதி எது என்று நான்கே கேள்வி. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அடுத்தது வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுப்பது. பங்குனித் தேர் இந்தத் தெரு வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்பதால் கோயில்காரர்களும் சேர்ந்துகொள்கிறோம் என்றிருக்கிறார்கள். அந்த டயாலிசிஸ் அம்மாவின் பெயரில் தனியாக ஒரு மனு கொடுக்கலாம் என்று நான் சொன்னேன், அவர் மகன் சம்மதித்துவிட்டார். வேலை தொடங்கினால் காலி செய்ய மாட்டேன் என்றும் சொல்கிறார்.

உன் வீட்டுக் கையெழுத்துதான் பாக்கி. இத்துடன் மனுவின் நகல் வைத்திருக்கிறேன். படித்துப் பார், எங்கேயாவது வார்த்தை கடுமையாகப் பட்டால் ஓரத்தில் குறி. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, இந்த வருஷ வீட்டு வரி ரசீது நகலையும் சேர்த்துக் கூரியரில் அனுப்பிவிடு. வியாழக்கிழமைக்குள் என் கைக்கு வர வேண்டும்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பேரனுக்கு என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை