பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடம்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேத்திக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதை ஒரே வரியில் எழுதிவிட்டு, "எந்தப் பள்ளியில் போடலாம், நீ வாத்தியாரம்மாதானே, சொல்" என்று கேட்டிருக்கிறாய். வாத்தியாரம்மாவாக எனக்கு அந்த யோக்கியதை இல்லையடி. 30 வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் போய் உட்காரும் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அடம் என்று நினைத்து, கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தியிருக்கிறேன். ஆட்டிசம் உள்ள என் பேரன் அதே மாதிரி கட்டிலுக்கடியில் போனபோதுதான் அந்தப் பையன் முகம் நினைவுக்கு வந்தது. பாட்டியாகச் சொல்கிறேன், கேள்.

போன மாசியில் பேரனை இங்கே பக்கத்தில் சித்தூரில் நடக்கும் கொங்கன்படைக்குக் கூட்டிப் போனோம். கொங்கு ராஜாவைத் தோற்கடித்த கதைக்கு எடுக்கிற விழா. கொங்குத் தமிழ் பேசுகிற நாமே முன்னால் நின்று வேடிக்கை பார்ப்போம், அது கிடக்கட்டும். முதல் வெடிக்கே பிள்ளை அலறிவிட்டான். இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அதற்கப்புறம் பள்ளி பார்க்கப் போன இடத்திலெல்லாம் பாடத்திட்டத்தை விட்டுவிட்டு முதலில் சத்தத்தைத்தான் கவனித்தோம்.

பாலக்காட்டில் பெரிய தனியார் பள்ளி ஒன்றில் பளபளவென்று எல்லாம் இருந்தது. வகுப்புக்கு 42 பிள்ளைகள். கூடவே உட்கார ஆளை நீங்களே சம்பளம் கொடுத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். சரி என்று கும்பிட்டுவிட்டு வந்தோம். அடுத்து பட்ஸ் பள்ளி. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகக் கேரளத்தில் உள்ளாட்சி நடத்தும் சிறப்புப் பள்ளி, குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுயஉதவி அமைப்பின் துணையும் உண்டு. அங்கே அவன் அழவே இல்லை. டீச்சர்களுக்கும் பொறுமை அதிகம். ஆனால் நாங்கள் போன இடத்தில் பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகள். ஆறு வயதுக்காரன் பார்த்துச் செய்ய, கூட ஓட, சம வயதில் ஒருவர்கூட இல்லை. நாளைக்கு அதுதான் பொருந்தும் என்றால் அங்கே சேர்க்க எங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

கடைசியில் வீட்டுக்குப் பக்கத்து அரசு எல்.பி. ஸ்கூல், அதாவது தொடக்கப்பள்ளி, தமிழ் வகுப்பு. 14 பிள்ளைகள், ஓட்டுக்கூரை, வேப்பமரம். நீயும் பள்ளி பார்க்கச் சேர்க்கை நாளில் போகாதே. இடைவேளையில் போய் நில். அப்போதுதான் பள்ளியின் சுயரூபம் தெரியும். கேட் பூட்டியிருக்கிறதா, கிணறு மூடியிருக்கிறதா, கக்கூஸ் பிள்ளை போகிற மாதிரி இருக்கிறதா என்று பார். "அழுதால் என்ன செய்வீர்கள்" என்று டீச்சரிடம் கேள். இந்த டீச்சர், "எதற்கு அழுவான் என்று நீங்கள் சொல்லுங்கள், அதை முதலில் நிறுத்துகிறேன்" என்றாள். என் மகள் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மொழி விஷயத்திலும் நாங்கள் ஏமாந்தோம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பிள்ளை குழம்புகிறான், ஒரே மொழியில் பேசுங்கள் என்று யாரோ சொல்லப்போய், மகள் ஒரு மாதம் அவனிடம் இங்கிலீஷ் மட்டும் பேசினாள். வீடே ஊமையானதுதான் மிச்சம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்வதைப் பிறகுதான் அறிந்தோம். இப்போது வீட்டில் தமிழ்தான். பால்காரரைப் பார்த்து "வா சேட்டா" என்கிறான்!

இடமில்லை என்று யாராவது சொன்னால் பயப்படாதே. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்றிதழ் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு. பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். முதலில் யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப் போடு. உங்கள் பக்கம் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். இங்கே அதை பி.ஆர்.சி. என்பார்கள். எங்களுக்கு வாரம் ஒரு நாள் வருகிறார். போதாதுதான்.

பேரன் காலை பிரார்த்தனைக்குப் போவதில்லை. மைக் சத்தமெல்லாம் அடங்கி 11 மணிக்குப் போவான். முதல் மாதம் ஒரு மணி நேரம், இப்போது சாப்பாடு வரை. ஜன்னலோரம் ஒரு பாய், அடுத்து என்ன என்று காட்டும் நாலு படங்கள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். ஜூனிலிருந்து முழு நாள் அனுப்பலாம் என்கிறாள் மகள்; அவசரம் எதற்கு என்கிறேன் நான். சண்டை நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் ஒரு நாள் செருப்பை எறிந்துவிட்டு ரோடு வரை ஓடினான். டீச்சருக்கு மூச்சு வாங்கிவிட்டது. மறுநாள் கேட்டில் இரண்டாவது கொக்கி போட்டுவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. டீச்சரையும் பார்க்கலாம். குக்கர் விசிலுக்கு அவளும் அழுவாள் என்று எழுதியிருந்தாயே. இங்கே குக்கரைப் பரணில் ஏற்றி ஒரு வருஷமாகிறது. பானையில்தான் வடிக்கிறேன். உனக்குக் கஞ்சித்தண்ணி எடுத்துவைக்கிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி