வாண்டுமாமாவின் மீதிப் பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாண்டுமாமா பற்றிய கட்டுரையைப் படித்தேன். புதுக்கோட்டைப் பக்கம் அரிமழத்தில் 1925-ல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, பெரியவர்களுக்குக் கௌசிகன் என்றும் சிறுவர்களுக்கு வாண்டுமாமா என்றும் எழுதியதை நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். 'ஓநாய்க்கோட்டை', 'பலே பாலு' என்று அவருடைய கதைகளெல்லாம் கட்டுரையில் வந்துவிட்டன. ஆனால் கதை எழுதியது அவருடைய பாதி வேலைதான். கல்கி நிறுவனத்தார் 1972-ல் தொடங்கிய கோகுலம் என்ற சிறுவர் இதழிலும், அப்புறம் எண்பதுகளில் பூந்தளிர் என்ற சிறுவர் இதழிலும் அவர் பத்திரிகைக்காரராக உழைத்த மீதிப் பாதியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

பூந்தளிர் வந்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் அடிதடி. யார் முதலில் படிப்பது என்று அண்ணனும் நானும் இழுத்ததில் ஒருமுறை இதழ் நடுவாந்திரத்தில் கிழிந்தது. ஆளுக்குப் பாதியாகப் படித்துவிட்டு மாற்றிக்கொண்டோம். என் பாதியில் சித்திரக்கதை நாயகர் வேட்டைக்கார வேம்பு இருந்தார், அதனால் நான் அழவில்லை.

அந்த வேம்பு, பம்பாயிலிருந்து வந்த டிங்கிள் என்ற ஆங்கிலச் சிறுவர் இதழில் ஷிகாரி ஷம்பு என்பது எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது. பூந்தளிரில் வந்த இன்னொரு பாத்திரமான காக்கை காளிக்கு அங்கே காலியா என்று பெயர். ஷம்புவை ஷம்புவாகவே விட்டிருந்தால் அன்றைக்கு யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? வேட்டைக்காரனுக்கு எதுகை மோனை பார்த்து வேம்பு என்று பெயர் வைக்க, குழந்தையின் காது எப்படிக் கேட்கும் என்று யோசிக்கிற ஆள் வேண்டும். வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிரில் அந்த யோசனை பக்கத்துக்குப் பக்கம் தெரியும். வேற்று மொழியிலிருந்து வந்த கதை என்ற சந்தேகமே எங்களுக்கு வந்ததில்லை.

போன மாதம் மகளை எங்கள் ஊர் நூலகத்துக்கு அழைத்துப் போனேன். வாண்டுமாமா இருக்கிறதா என்று கேட்டதும் நூலகர் சாவிக்கொத்தோடு எழுந்து வந்தார். கண்ணாடி பீரோவுக்குள் நாலைந்து புத்தகங்கள். "பசங்க கிழிச்சிடறாங்கம்மா, அதான் உள்ளே வெச்சிருக்கோம்" என்றார். சரி, அவர் கவலை அவருக்கு. கிழித்தவள் என்ற முறையில் நான் வாயைத் திறக்கவில்லை. மகள் மட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தவள், விளக்கை அணைக்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்தாள்.

2014-ல் வாண்டுமாமா மறைந்ததிலிருந்து நினைவுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவற்றைப் படிப்பவர்கள் எல்லாம் என்னைப் போல் ஐம்பதைத் தொட்டவர்கள். உரியவர்களிடம் அனுமதி வாங்கி, உங்கள் சிறுவர் பக்கத்தில் அவருடைய சித்திரக்கதை ஒன்றைத் தொடராகப் போடுங்களேன். ஓவியர் செல்லத்தின் படங்களோடு கிடைத்தால் இரட்டைச் சந்தோஷம். எந்த வாரம் தொடங்குகிறது என்று மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், கடைக்காரரிடம் இரண்டு பிரதி சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி