மோதிரத்தில் சுற்றிய நூல்

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் அழுததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையும் சினைப்பையும் நன்றாக இருக்கும்போது நான்கு மாதமாக ஏன் தீட்டு வரவில்லை என்று கேட்டாய். 28 வருடம் விலங்கியல் நடத்தியவள், பெற்ற மகளுக்குச் சொல்ல வாய் வராமல் நின்றேன். அதனால் எழுதுகிறேன்.

மாதவிலக்குக்கான உத்தரவு தலையிலிருந்து வருகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை துளியிலும் துளியாக ஒரு ஹார்மோனை விடும். அது பட்டதும் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விழித்துத் தன் ஹார்மோன்களை இரத்தத்தில் அனுப்பும். அவை வந்து சேர்ந்தால்தான் சினைப்பையில் முட்டை முதிரும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போதிய அளவு சுரக்கும், தீட்டும் வரும்.

இதில் இடைவெளிதான் உயிர்நாடி. 1978இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உடலியல் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு, ஹைப்போதலாமஸ் பழுதான ரீசஸ் குரங்குகளுக்கு அந்த ஹார்மோனை இடைவிடாமல் செலுத்திப் பார்த்தது. பிட்யூட்டரி அடங்கிப்போனது. மணிக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் செலுத்தியபோது மீண்டும் வேலை செய்தது. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

வயிற்றுக்குப் போதாமல் சாப்பிட்டு, உடம்பு தாங்காத அளவு ஓடினால் அந்தத் தாளம் தளர்ந்துவிடும். உடலின் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும்போது, பஞ்சகாலம் வந்துவிட்டதென்று மூளை எடுத்துக்கொள்கிறது. பிள்ளை பெறும் வேலையை ஒத்திப்போடுகிறது.

தீபாவளிக்கு வந்தபோது பாட்டியின் மோதிரம் உன் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாய். ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்தாய். விடியும் முன்பே ஓடப் போனாய். நானோ "மெலிந்து அழகாகிவிட்டாய்" என்றேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கண்ணு.

ஆனாலும் நானாக இதுதான் என்று முடிவுகட்ட மாட்டேன். தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல். மாத்திரை போட்டுத் தீட்டை வரவழைத்தால் மட்டும் மூளையின் தாளம் திரும்பியதாகாது என்பதையும் டாக்டரிடம் பேசு. ஈஸ்ட்ரோஜன் நெடுநாள் குறைந்தால் எலும்பு தேயும். அதையும் கேட்டு வை.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் வருகிறேன். உளுந்தங்களிக்கு மாவு அரைத்துவிட்டேன். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை ஓடப் போகாதே. ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

அன்புடன்,
அம்மா