கால்கள் நீரிலேயே தோன்றின: தமிழில் அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும் ஓவியர்களுக்கும் வணக்கம்.

பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் நான், எங்கும் காணக் கிடைக்கும் ஒரு படத்தைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். வற்றும் குளத்தை விட்டு ஒரு மீன் துடுப்பை ஊன்றிக் கரையேறுகிறது. அடுத்த கட்டத்தில் அதற்குக் கால் முளைத்திருக்கிறது. அதைப் பார்த்த என் மாணவி ஒருத்தி, "கால் முளைக்கும் வரை அது கரையில் எப்படிப் பிழைத்தது?" என்று கேட்டாள். பிழை படத்தில்தான் இருக்கிறது.

வற்றும் குளங்களோடு கால்களின் தோற்றத்தை இணைத்துப் பேசியவர் புதைபடிவ ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரோமர். அன்றிருந்த சான்றுகள் மிகக் குறைவு. 1987இல் புதைபடிவ ஆய்வாளர் ஜென்னி கிளாக்கின் குழு கிழக்கு கிரீன்லாந்தில் திரட்டிய, அகாந்தோஸ்டெகா என்னும் தொன்மையான நாற்கால் விலங்கின் புதைபடிவங்கள்தாம் அந்த எண்ணத்தை மாற்றின. ஏறத்தாழ 36.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த விலங்கின் முன்னங்காலில் எட்டு விரல்கள் இருந்தன. ஆயினும் மீனுக்குரிய செவுள்களும் வால் துடுப்பும் அதற்கு இருந்தன, அதன் கால்களோ உடலின் எடையைத் தரையில் தாங்கும் உறுதி பெற்றிருக்கவில்லை. நீரை விட்டு வெளியேறாத ஒன்றுக்கு விரல்கள் வந்திருக்கின்றன என்றால், கால் கரைக்காக உருவானதன்று; செடிகள் அடர்ந்த ஆழமற்ற நீரில் துழாவி நகரப் பயன்பட்ட உறுப்பே பிற்காலத்தில் நிலத்தில் நடக்கவும் உதவியது என்று கொள்வதே பொருத்தம். அந்த மாணவிக்கு நான் சொன்ன விடையும் இதுதான்.

கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த, 37.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள டிக்டாலிக்கை நீங்கள் விட்டுவிட மாட்டீர்கள். இனுயிட் மூத்தோர் பெயர் சூட்டிய அந்த மீனின் துடுப்புக்குள் முழங்கையும் மணிக்கட்டும் அமைந்திருப்பதும், தலையைத் தனியே அசைக்கக் கழுத்து இருப்பதும் வியப்புக்குரியவை. ஆனால் அதை நம் நேரடி மூதாதை என்று எழுத வேண்டாம். போலந்தின் ஜாஹெல்மியே கல்குவாரியில் காணப்பட்டு 2010இல் நாற்கால் விலங்கினுடையவை என அறிவிக்கப்பட்ட காலடித் தடங்கள் அதைவிட ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பழையவை. அவை நாற்கால் விலங்கின் தடங்களே அல்ல என்போரும் உண்டு. அந்தக் கருத்து வேறுபாட்டையும் பாடத்தில் சேருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது புரியும்.

மற்றொரு வேண்டுகோள் ஓவியர்களுக்கு. அகாந்தோஸ்டெகாவின் முன்னங்காலை வரையும்போது, நம் கையைப் பார்த்து ஐந்து விரல்களோடு நிறுத்திவிடாமல், எட்டையும் வரையுங்கள்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்